வாத்தா, வௌவாலா

அத்தானுக்கு வந்த மெமோவில் மொத்தம் ஒன்பது வரி. அதில் நான்காவது வரி சின்னவள் எழுதியது.

அந்த விஷயம் அவளுக்கே சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மோதிய உயிரினம் சீழ்க்கைச் சிறகி எனப்படும் வாத்து என்பதை ஆய்வகம் உறுதி செய்துள்ளது" என்று உரக்க வாசித்துவிட்டு, நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். விமானத்தில் அடிபட்டது எந்தப் பறவை என்று இறகை வைத்துச் சொல்கிற ஆய்வகம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான். அதில் இறகு பார்க்கிறவளும் ஒருத்திதான். அந்த ஒருத்தி அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, அக்கா சமைத்ததை இரண்டாம் முறை தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தானுக்கு விமான நிலையத்தில் பறவை விரட்டுகிற வேலை. சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு வேலை உண்டு, சம்பளமும் உண்டு. ஓடுபாதை முடிகிற இடத்தில் வேலிக்கு அந்தப்புறம் ஒரு குளம். குளம் நிறைய வாத்துகள். ஒவ்வொரு விமானம் இறங்குவதற்கு முன்பும் அத்தான் வண்டியில் ஒரு சுற்று சுற்றி, வெறும் சத்தம் மட்டும் போடுகிற துப்பாக்கியால் சுட்டு, வாத்துகளைக் கிளப்பிவிட வேண்டும். பதினெட்டு நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், இறங்கிய விமானத்தின் மூக்கில் ஏதோ மோதி, ஒரு வாணலி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மோதியது வாத்து என்றால் அத்தான் சுற்றவில்லை, எங்கேயோ கண்ணயர்ந்துவிட்டார் என்று அர்த்தம், வேலை போய்விடும். வௌவால் என்றால் அவர்மேல் குற்றமில்லை. வௌவால் எங்கிருந்தோ வருகிறது, எந்த வெடிக்கும் மசியாது, அதை விரட்டச் சொல்லி யாரும் யாரையும் கேட்பதில்லை.

"ஜாடி மேல நம்பர் மட்டும்தான் இருக்கும் அத்தான். எங்கேர்ந்து வந்தது, யார் டியூட்டி, எதையும் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க," என்றாள் சின்னவள்.

"தெரிஞ்சிருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தாலும் வாத்துன்னுதான் எழுதியிருப்பேன்."

உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை. அக்கா குழம்புப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அத்தான் கோபப்படுகிற ஆளில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று சின்னவளுக்குத் தோன்றியது. "அன்னைக்கு ஒரு வாத்துகூட இல்லம்மா," என்றார் அவர். "ரெண்டு சுத்து சுத்துனேன். எல்லாத்தையும் கெளப்பி விட்டாச்சு. அப்புறம் வெளிச்சம் மங்குற நேரத்துல பெருசா ஒண்ணு சத்தமே இல்லாம வந்துச்சு. இந்த வாத்து விசிலடிச்சுக்கிட்டேதான் பறக்கும், சும்மா பறக்கத் தெரியாது அதுக்கு. இது வாயே தெறக்கல. வவ்வாலுதான்."

"இறகு பொய் சொல்லாது அத்தான்."

"அப்ப நான் சொல்றேனா?"

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் செய்த முதல் வேலை, மெமோவில் இருந்த எண்ணைப் பார்த்து அந்த ஜாடியின் கண்ணாடித் தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்ததுதான். வாத்தின் அடிவயிற்று மென்னிறகில் இழைகள் இருக்கும். ஒவ்வொரு இழையின் நுனியிலும் குட்டிக் குட்டி முக்கோணங்கள், கொடியில் தோரணம் கட்டியதுபோல. புறாவுக்கு வேறு மாதிரி, காக்கைக்கு வேறு மாதிரி. ஆறு வருடமாக இதையே பார்த்துப் பார்த்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். தகட்டில் இருந்தது முக்கோணம்தான். இரண்டு முறை பார்த்தாள், மூன்றாம் முறையும் பார்த்தாள். வாத்து வாத்தாகவே இருந்தது.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். சின்னவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம், இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லி இரண்டு பேரும் உண்மை பேசுகிறவர்களாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. இறகு பொய் சொல்லாது. அத்தானும் சொல்லமாட்டார். பிறகு எப்படி?

குறிப்பேட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு இழுத்து, இடப்பக்கம் வாத்து, வலப்பக்கம் வௌவால் என்று எழுதினாள். வித்தியாசங்களை எழுதத்தான் ஆரம்பித்தாள். ஒன்று முட்டையிடும், மற்றொன்று குட்டி போடும். ஒன்றுக்கு இறகு, மற்றொன்றுக்கு முடியும் தோலும். அதற்குமேல் பேனா ஓடவில்லை. சீழ்க்கைச் சிறகி சாதாரண வாத்து மாதிரி இல்லை. பகலெல்லாம் தூங்கி வழிந்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் இரை தேடக் கிளம்பும். பழந்தின்னி வௌவாலும் அதேதான். அந்த வாத்து மரக்கிளையில் உட்காரும், மரப்பொந்தில் முட்டையிடும். வௌவால் மரத்தில் தொங்கும். எடையைப் போட்டுப் பார்த்தால் வாத்து அரைக் கிலோ, வௌவால் ஒரு கிலோவுக்கு மேல். சிறகை விரித்தால் வௌவால் ஒரு கதவின் அகலத்தையும் தாண்டும். ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன, ஒரே காற்றில் பறக்கின்றன. ஒன்று விசிலடித்துக்கொண்டு, மற்றது பேசாமல். இத்தனை நாள் இந்த இரண்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே கிடையாது. ஏனென்றால் ஆய்வகத்தில் இவற்றுக்கு நடுவே ஒரு கதவு இருந்தது.

இந்தப் பக்கம் இறகு அறை, சின்னவளுடையது. அந்தப் பக்கம் முடி அறை. அங்கே இருப்பவரை எல்லோரும் முடி சார் என்பார்கள். அவர் தலையில் முடி இல்லை என்ற நகைச்சுவையை, வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துச் சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு விட்டுவிடுவார்கள். ஜாடி எங்கிருந்து வந்தாலும் முதலில் இறகு அறைக்குத்தான் வரும். விமானத்தைத் துடைத்த துணியைச் சோப்புப்போட்ட வெந்நீரில் அலசினால், இறகு இருந்தால் மேலே மிதக்கும். மிதப்பதை மெல்லிய தூரிகையால் ஒற்றியெடுத்து, விளக்குச் சூட்டில் காயவைத்து, பெயர் எழுதிவிட்டு, மீதியை ஜாடியோடு மூடி அலமாரியில் வைத்துவிடுவாள். ஒரு இழை இறகுகூட இல்லை என்றால் மட்டுமே ஜாடி கதவைத் தாண்டி முடி சாரிடம் போகும். ரத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிற இயந்திரம் வரப்போகிறது என்று நாலு வருடமாகச் சொல்கிறார்கள். வந்தபாடில்லை.

"சார், ஒரு விமானத்துல ஒரே நேரத்துல வாத்தும் வவ்வாலும் மோத முடியுமா?" என்று கதவருகே நின்று கேட்டாள்.

முடி சார் டீயை ஆற்றிக்கொண்டே, "லாட்டரி அடிக்குறதுக்குக்கூட அதைவிட வாய்ப்பு அதிகம்," என்றார். "ஏம்மா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு அத்தானோடு குளத்துக்குப் போனாள். மெமோவுக்குப் பதில் தரும்வரை அவர் வேலையில்தான் இருந்தார். அத்தான் வண்டியை நிறுத்தி, துப்பாக்கியை வானத்துக்கு நீட்டி ஒரு முறை சுட்டார். நாணலுக்குள்ளிருந்து நாற்பது ஐம்பது வாத்துகள் ஒரே நேரத்தில் எழும்பின. பள்ளிக்கூடம் விட்டதுபோல அத்தனை விசில். வட்டமடித்து, வயல் பக்கம் போய் மறைந்தன.

"பாத்தியா? போயாச்சு. இனிமே காலையிலதான்," என்றார் அத்தான். அவர் குரலில் ஒரு வேலைக்காரனின் பெருமை இருந்தது. சின்னவளுக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

வாத்துகள் போய்விட்டன, ஆனால் அவற்றின் சாமான்கள் போகவில்லை. குளத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாக மென்னிறகு மிதந்தது. காற்று அதை நடுக்குளம்வரை தள்ளிக்கொண்டுபோய்ப் பரப்பி வைத்திருந்தது. இறகு உதிர்க்கிற பருவம். சின்னவள் தொழில் பழக்கத்தில் குனிந்து ஒரு துணுக்கை எடுத்து விரலில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தான் அவள் தோளைத் தொட்டார்.

"வந்துடுச்சு."

முதலில் ஒன்று. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. மேற்கே சிவப்பு அடங்கிய நேரத்தில், ஒரு சத்தமும் போடாமல் வௌவால்கள் வந்துகொண்டிருந்தன. அத்தான் ஒரு வெடி போட்டுக் காட்டினார். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அவருடைய தொலைநோக்கியை வாங்கிக் கண்ணில் வைத்தாள். அவற்றில் ஒன்று திடீரெனத் தாழ்ந்தது. தண்ணீர்மேல் நேராக வந்து, நெஞ்சாலும் வயிற்றாலும் குளத்தைத் தேய்த்துக்கொண்டு போய், மறுபடி மேலேறியது. அடுத்ததும் அப்படியே.

"என்ன அத்தான் பண்ணுது?"

"குளிக்குதோ என்னவோ. தெனமும் இப்படித்தான்."

அவை குளிக்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்திருந்தன. பழந்தின்னி வௌவால் நின்று குடிக்காது. பறந்தபடியே நெஞ்சு முடியை நனைத்துக்கொண்டு போய், கிளையில் தொங்கியபடி அந்த ஈரத்தை நக்கும். சின்னவள் இதை எங்கோ படித்திருந்தாள், கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த வௌவால் வெள்ளை மிதப்புக்கு நடுவே புகுந்து எழும்பி, ஓடுபாதை விளக்குகளுக்கு மேலே அவர்கள் தலைக்கு நேராகப் போனது. நனைந்த வயிற்றில் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருந்தது. வாத்தின் மென்னிறகு, வௌவாலின் வயிற்றில்.

"அத்தான்!" என்று அவள் கத்திய கத்தலில் மிச்சமிருந்த ஒரு வாத்தும் நாணலிலிருந்து எழுந்து ஓடியது. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அத்தான் புரிந்துகொண்டு, வண்டியில் சாய்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தார்.

சந்தோஷம் அன்று ராத்திரி படுக்கும்வரை இருந்தது. படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. மிதந்ததை மட்டும் பார்த்துவிட்டு ஜாடியை மூடியவள் யார்? முடியும் சதையும் அடியில் கிடந்திருக்கும். ஆறு வருடமாக அவள் ஒரு ஜாடியின் அடியைக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் காரியமாக ஆய்வகத் தலைவியிடம் போய், அது தன் அத்தானின் டியூட்டியில் வந்த ஜாடி என்று சொல்லிவிட்டாள். பெரிய மேடம் என்று எல்லோரும் அழைக்கிற அந்த அம்மாள், "அப்ப நீ அதைத் தொடாத," என்றார். ஜாடி கதவைத் தாண்டியது. முடி சார் தண்ணீரை வடித்து, அடியில் தங்கிய கசடைக் கிளறி, அரைமணி நேரம் குனிந்திருந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "வந்து பாரு," என்றார். ஒன்றுக்குள் ஒன்று செருகிய காகிதக் குவளைகள் போலச் செதில் அடுக்கிய முடி. வௌவால் முடி. ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக.

அத்தான் வேலை பிழைத்தது. அவள் நேரே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்கா மறுமுனையில் அழுதாள், பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். சின்னவளின் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"மேடம், இறகு கெடச்சதும் மூடி வச்ச வாத்து ஜாடி இன்னும் பதினொண்ணு இருக்கு. அதையும் பாக்கணுமில்ல?"

பெரிய மேடம் பதிவேட்டைப் புரட்டினார். எந்த எண் எந்த இடம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. "பத்துல ஒரு சிக்கலும் இல்ல, யாரையும் எதுவும் கேக்கல. ஒண்ணு மட்டும் உங்க அத்தான் இருக்கற அதே எடம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி. வாத்துன்னு நீ எழுதுன. அப்ப இருந்த ஆளை வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அந்த எடத்துக்குத்தான்..." என்று நிறுத்தினார்.

முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த இடத்துக்குத்தான் அத்தான் வந்தார்.

"தெறந்து பாத்து வாத்துதான்னா ஒரு தொல்லையும் இல்ல," என்றார் பெரிய மேடம். "வவ்வால்னா நான் எழுதி அனுப்பியே ஆகணும். அவங்க அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டே ஆகணும். அங்க ஒரு ஆளுக்குத்தான் எடம். ஜாடி பழசு, கேக்குறதுக்கு யாரும் இல்ல. யோசிச்சுட்டு வா."

யோசிக்க அவள் வீட்டுக்குத்தான் போனாள். போய் யோசிக்காமல் சொல்லியும்விட்டாள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏண்டி, உனக்குப் பொழுது போகலையா? இவர் வேலை தப்பிச்சுச்சுன்னு இன்னைக்குத்தான் மூச்சு விட்டேன். அதுக்குள்ள இன்னொரு ஜாடியத் தூக்கிட்டு வர்ற."

"அது வாத்தாவும் இருக்கலாம்க்கா."

"இருந்தா விட்டுடு."

"பாக்காம எப்படி விடுறது?"

"கண்ண மூடிக்கிட்டு விடு. எல்லாரும் அப்படித்தான் விடுறாங்க."

சின்னவளுக்கு அக்காமேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வாடகை வாங்காமல் மாடி அறையைக் கொடுத்தவள், படிக்கவைத்தவள். அவள் வீட்டு அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றி அணைக்கப் போகிறோமோ என்ற பயம். அத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு முந்தி இருந்தவரைக் குடைக்காரர்னு சொல்லுவாங்க," என்றார். "துப்பாக்கி பிடிக்காது. பெரிய கறுப்புக் குடைய விரிச்சு மடக்கி, விரிச்சு மடக்கி வாத்த வெரட்டுவாராம். நான் சேர்ந்த அன்னைக்கு வண்டிச் சாவியக் குடுக்க வந்தாரு. 'தம்பி, நான் தூங்கல, அது வாத்தும் இல்ல'ன்னாரு. வேலை போன ஆளு ஏதோ சாக்கு சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டு, சரிங்கன்னு சாவிய வாங்கிட்டேன்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அதையே நான் உன்கிட்ட சொன்னேன். நீயும் நம்பல."

"அத்தான்..."

"தெறந்து பாரு."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள் அக்கா.

"அந்த நாற்காலியில நான்தானே தெனமும் உக்கார்றேன்," என்றார் அத்தான். "எனக்குத் தெரிஞ்சாகணும்."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருடத்தில் ஜாடித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. முடி சார் இந்த முறை அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்தில் நாற்காலியைத் தள்ளினார். "வந்து பாரு" என்று சொல்லவில்லை, சும்மா எழுந்து நின்றார். சின்னவள் பார்த்தாள். செருகிய குவளைகள். திருத்த அறிக்கையில், "மிதந்ததை மட்டுமே ஆய்ந்தேன். அடியில் இருந்ததை ஆயவில்லை. தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெரிய மேடம் அதைப் படித்துவிட்டு, அலங்காரமாக மாற்றச் சொல்லாமல் அப்படியே அனுப்பினார்.

கடிதம் போய்ச் சேர நாளாகும். அதற்கு முன் குடைக்காரரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றவர் அத்தான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் விசாரித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாடி. குடைக்காரர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் திறந்து மூடுகிறார். அத்தானை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க தம்பி" என்று உள்ளே கூப்பிட்டு, நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து இடம் பண்ணினார். அவர் மனைவி ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையை மட்டும் அசைத்தாள்.

சின்னவள் வழியெல்லாம் பேசிப் பழகியதை ஒரே மூச்சில் சொன்னாள். ஜாடி, இறகு, தான் செய்த தப்பு, வௌவால் முடி, வேலைக்கு அவரைத் திரும்பக் கூப்பிடப்போகிற கடிதம். "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். குடைக்காரர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவி பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் மடிப்பதை நிறுத்தியிருந்தாள். "அது சரி, வாத்தோட இறகு வவ்வால் மேல எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் குடைக்காரர் பதில் சொன்னார். "அது தண்ணி குடிக்க வரும். நின்னு குடிக்காது. நெஞ்ச நனைச்சுக்கிட்டுப் போயி, மரத்துல தொங்கிக்கிட்டே நக்கும். வாத்து இறகு உதிர்க்குற மாசத்துல அது வயிறெல்லாம் வெள்ளையா ஒட்டிக்கும். ஏழு வருஷம் தெனமும் பாத்திருக்கேன்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவள் குளக்கரைவரை போய்க் கண்டுபிடித்தது முழுவதும் இந்த மூன்றாம் மாடி அறையில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தது.

"இதை என்கிட்டகூட நீங்க சொல்லலையே," என்றாள் அவர் மனைவி.

"யாரும் இதைக் கேக்கல," என்றார் குடைக்காரர். "தூங்கிட்டியான்னுதான் எல்லாரும் கேட்டீங்க."